குந்தவையா, ஆதிரையா, பொன்னியா? காவிரிப் படுகையின் அரிய பெண் பெயர்கள் குறித்து ஓர் ஒப்பீடு

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் பெண் குழந்தைக்கு மண் சார்ந்த பெயர் வைக்க வேண்டும், அது வகுப்பில் மூன்று பேருக்கு இருக்கும் பெயராகவும் இருக்கக் கூடாது என்று எண்ணும் பெற்றோர் அடிக்கடி வந்து நிற்கும் பெயர்கள் குந்தவை, ஆதிரை, பொன்னி என்ற மூன்று. இவற்றை அறியாதவர் இங்கே இல்லை. ஆனால் அறிந்தவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் சூடியவர்கள் மிகக் குறைவு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எந்தப் பெயர் எத்தனை குழந்தைகளுக்கு இடப்பட்டது என்று அரசே ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடுகிறது. நம் நாட்டில் அப்படிப்பட்ட பட்டியல் இல்லாததால், ஒரு பெயரின் பரவலைப் பள்ளி வருகைப் பதிவேட்டையும் திருமண அழைப்பிதழையும் கொண்டுதான் மதிப்பிட வேண்டியிருக்கிறது.

சான்றின் வலிமையை மட்டும் பார்த்தால் குந்தவைக்கு இணையில்லை. முதலாம் இராசராசனின் தமக்கையும் வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவியுமான குந்தவை, தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தாம் அளித்த படிமங்களையும் அணிகலன்களையும் தம் பெயரிலேயே கல்லில் வெட்டச் செய்தவர். அரசன் தன் கொடைகளைச் சொல்லத் தொடங்கும் இடத்திலேயே ‘நம் அக்கன் குடுத்தனவும்’ என்று அவர் கொடைகளையும் சேர்த்துச் சொல்கிறான். மனைவியரின் கொடைகள் அதற்கு அடுத்துத்தான் வருகின்றன. தந்தை சுந்தர சோழர் பெயரால் தஞ்சையில் அமைந்த ஆதுலர் சாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, அவர் நிவந்தம், அதாவது அறக்கொடை, அளித்த செய்தியும் கல்வெட்டில் உண்டு. இராசராசன் தன் மகளுக்கும் இதே பெயரை இட்டான். அந்தக் குந்தவை வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்தார்.

இவ்வளவு பெருமை இருந்தும் அந்தப் பெயர் வீடுகளுக்குள் பரவவில்லை. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் தொடராக வெளிவரத் தொடங்கிய பிறகு, அதில் வந்த வானதியும் பூங்குழலியும் தொட்டில் பெயர்களாயின. கதையின் நடுநாயகமான குந்தவைக்கு அந்த வாய்ப்பு அதே அளவில் கிட்டவில்லை. 2022, 2023ஆம் ஆண்டுகளில் படம் வந்தபோது பெயர் மீண்டும் எல்லோர் வாயிலும் புழங்கியது. ஆயினும் தஞ்சாவூர்க்காரர்களுக்குக் குந்தவை என்றவுடன் நினைவுக்கு வருவது பெரும்பாலும் குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கலைக் கல்லூரிதான். தயக்கத்துக்குக் காரணம் வரலாற்றில் இல்லை, நம் வாய் வழக்கில் இருக்கிறது என்பது என் கணிப்பு. நாம் எந்தப் பெயரையும் இரண்டு எழுத்தாக்கிக் கூப்பிடுகிறவர்கள். குந்தவையைச் சுருக்கினால் ‘குந்து’ என்றாகும். திண்ணையில் உட்காரச் சொல்லும் அந்தச் சொல்லை வைத்து ஒரு சிறுமியைப் பள்ளித் தோழிகள் என்ன பாடு படுத்துவார்கள் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே எண்ணிப் பார்த்துவிடுகிறார்கள்.

ஆதிரை இதற்கு நேர்மாறானவள். அவள் அரசகுலத்தில் பிறந்தவள் அல்லள். காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் சாதுவனின் மனைவி. சூதில் பொருளை இழந்த கணவன் கடலோடிப் போய்க் கலம் உடைந்து இறந்தான் என்ற தவறான செய்தியைக் கேட்டுத் தீப்புகுந்தவளை அந்தத் தீ சுடவில்லை என்றும், அவன் பின்னர் உயிரோடு திரும்பினான் என்றும் மணிமேகலைக் காப்பியம் கூறுகிறது. கற்பின் பெருமையைச் சொல்லும் இந்தப் பகுதி இன்றைய பெற்றோருக்கு உவப்பாக இராமல் போகலாம். ஆனால் ஆதிரையின் பெயர் நிலைத்தது அடுத்த நிகழ்ச்சியால். அமுதசுரபியைக் கையில் ஏந்திய மணிமேகலை முதன்முதலாகப் பிச்சை ஏற்றது அவள் வாசலில்தான். உலகத்தின் பசிப்பிணி அறவேண்டும் என்று வாழ்த்தி அந்தப் பாத்திரம் நிறைய அவள் சோறிட்டாள். நெல் விளையும் படுகையில் பிறக்கும் பெண்ணுக்கு இதைவிடப் பொருந்தும் முன்னோடி எனக்குத் தெரிந்து வேறொருத்தி இல்லை.

பெயருக்குச் சைவ வேர் ஒன்றும் உண்டு. திருவாரூரின் திருவாதிரைத் திருவிழாவை அப்பர் ஒரு பதிகம் முழுவதும் பாடியிருக்கிறார். மார்கழித் திருவாதிரைக்குக் களி கிண்டாத வீடுகள் இந்தப் பக்கத்தில் குறைவு. ஆகவே பௌத்தக் காப்பியப் பெயர் என்று தாத்தா தயங்கினாலும், சிவனின் நட்சத்திரம் என்று பாட்டி ஏற்றுக்கொள்வார். சோதிடம் பார்ப்பவர்களுக்கு மட்டும் இதில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. திருவாதிரையில் பிறந்த குழந்தைக்குப் பஞ்சாங்கம் தரும் முதல் எழுத்து ‘கு’; அகரத்தில் தொடங்கும் பெயர் கார்த்திகை முதல் பாதத்துக்கு உரியது. நட்சத்திர எழுத்தைக் கறாராகப் பின்பற்றினால் திருவாதிரையில் பிறந்தவள் குந்தவை ஆகலாமே ஒழிய ஆதிரை ஆக முடியாது.

பொன்னியைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. காவிரியின் மறுபெயர், எளிதில் எழுதலாம், எந்த வயதிலும் ஒலிக்க அழகானது. பாட்டிமார் தலைமுறையில் கிராமங்களில் இயல்பாகப் புழங்கிய அந்தப் பெயரை, ‘பழைய பெயர்’ என்று சொல்லி அடுத்த தலைமுறை கைவிட்டது. 1986இல் வெளியிடப்பட்ட வெள்ளைப் பொன்னி நெல் ரகம் கடைதோறும் அரிசி மூட்டையில் ஏறியபின், ஆற்றை முந்திக்கொண்டு அரிசி நினைவுக்கு வருகிறது. கேலி உண்டுதான், ஆனால் சோற்றைச் சொல்லிக் கேலி செய்வதால் காயம் ஒன்றும் படாது.

வேறு சிலவும் பேச்சில் வரும். செம்பியன் மாதேவி என்பது இயற்பெயரன்று, சோழர் தேவி என்ற பட்டம். கோனேரிராசபுரம் கோயிலைக் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக, மாற்றிய அந்தப் பேரரசியின் நினைவுக்கு வைக்கலாம் என்றாலும், அழைக்கும் பெயராக அது நீளம். அம்மன் பெயர்களில் அபிராமி ஏற்கெனவே எங்கும் பரவிவிட்டது. நாகையின் நீலாயதாட்சியும் திருமருகலின் வண்டுவார்குழலியும் கேட்கக் கேட்க இனிப்பவை, ஆனால் பள்ளிக்கூடத்தில் ‘நீலா’வாகவும் ‘குழலி’யாகவும் குறுகிவிடுவார்கள்.

மூன்றில் ஒன்றைச் சொல் என்றால் நான் ஆதிரையைச் சொல்வேன். ‘ஆதி’ என்று சுருங்கினாலும் அது பொருள் கெடாமல் நிற்கிறது. அண்மையில் நகரங்களில் அந்தப் பெயர் கூடுதலாகக் காதில் விழுவதால் அதன் அரிதான தன்மை நீடிக்குமா என்று கேட்கலாம். யாருக்கும் இல்லாத பெயர்தான் வேண்டும் என்ற பிடிவாதம் உள்ளவர்கள் சுருக்கப் பெயரைப் பொறுத்துக்கொண்டு குந்தவைக்கே போகலாம்.

எதைத் தேர்ந்தாலும் பதிவு செய்வதற்கு முன் ஆங்கில எழுத்துக்கூட்டலை முடிவு செய்துகொள்வது அவசியம். ஆதிரையில் முதல் எழுத்தை ஒற்றையாக எழுதுவதா இரட்டையாக எழுதுவதா, நடுவில் வரும் தகரத்துக்கு எந்த எழுத்து என்பவற்றில் ஆளுக்கொரு வழக்கம் இருக்கிறது. குந்தவையின் ஈற்று ஐகாரத்திலும் இதே குழப்பம் உண்டு. பொன்னிக்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்றாலும், குழந்தையின் பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணமில்லாத அவகாசம் இருக்கிறது. காப்புக் கட்டும் நாளுக்குள் முடிவு எட்டாத வீடுகள் அந்த அவகாசத்தை முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.