லெவலா, சதவீதமா?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டுகளில் பாத்திரம் எப்படி வளர வேண்டும்: லெவல் லெவலாகவா, திறன் திறனாகச் சதவீதத்திலா? அப்படியொரு விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) ஐந்தாம் பதிப்பில் ஐந்தாம் லெவலைத் தொட்ட அன்றைக்கு ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். நேற்றுவரை தன் முறைக்கு ஒரு வெட்டு வெட்டிக்கொண்டிருந்த ஃபைட்டர், அதாவது போர்வீரர், இப்போது இரண்டு வெட்டுவார். தூணுக்குப் பின்னால் பதுங்கியே காலம் தள்ளிய மந்திரவாதியான விசார்ட் கையில் ஃபயர்பால் என்ற தீக்கோள மந்திரம் இருக்கும். எட்டு ஆறுமுகப் பகடைகளை அள்ளி உருட்டினால் சேதம் சராசரி 28. காப்ளின் என்ற குட்டிப் பூதத்தின் ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி, வெறும் 7. முதல் ஆட்டத்தில் நம்மை ஓட ஓட விரட்டிய கும்பல் ஒரே நொடியில் சாம்பல்!

லெவல் முறையின் சுகமே இதுதான். நாலாம் லெவலுக்கு 2,700 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), ஐந்துக்கு 6,500. நடுவில் எத்தனை சண்டை போட்டாலும் கேரக்டர் ஷீட்டில் பெரிதாக எதுவும் மாறாது. அப்புறம் ஒரே நாளில் எல்லாம் சேர்ந்து வரும், இன்க்ரிமென்ட் மாதிரி. இத்தனை நாள் வாளை மட்டுமே சுழற்றியவருக்குத் திடீரென்று எல்லாம் எப்படிக் கைவந்தது என்று கேட்டால் பதில் கிடையாது.

1981-இல் கேயாஸியம் வெளியிட்ட கால் ஆஃப் கதுல்ஹு என்ற துப்பறியும் திகில் ஆட்டத்தில் லெவலே இல்லை. ஒவ்வொரு திறனும் ஒரு சதவீதம். ஆட்டத்தில் ஒரு திறன் கைகொடுத்தால் அதன் பக்கத்தில் ஒரு டிக். கதை முடிந்ததும் நூறு பக்கப் பகடை. இருக்கும் எண்ணைத் தாண்டி விழுந்தால் பத்துமுகப் பகடை உருட்டி அதைக் கூட்டிக்கொள்ளலாம். 40 இருப்பவர் ஏற நூற்றுக்கு அறுபது வாய்ப்பு, 80 இருப்பவருக்கு இருபதுதான். கற்றுக்குட்டி விறுவிறுவென்று ஏறுவார், கைதேர்ந்தவர் முக்கி முனகித்தான் ஏறுவார். நிஜத்திலும் அப்படித்தானே?

ஹிட் பாயிண்ட் மட்டும் ஏறவே ஏறாது. பத்துக் கதை தாண்டிய துப்பறிவாளருக்கும் அதே 11, 12தான். ஒரு துப்பாக்கிக் குண்டு போதும். இதைவிடக் குரூரமான ஒன்றும் உண்டு. கதுல்ஹு புராண அறிவு, அதாவது அந்த ஆட்டத்தின் கொடூர சக்திகளைப் பற்றிய அறிவு, கூடக்கூட, புத்தி பேதலிக்காமல் காக்கும் மனநிலைப் புள்ளியின் உச்சவரம்பு 99-இலிருந்து அதே அளவு இறங்கும். வளர்ச்சியே ஆளைத் தின்னும்.

இதில் தொல்லையும் உண்டு. தேவையே இல்லாமல் பூட்டைத் திறக்கிறேன், மரமேறுகிறேன் என்று டிக் வேட்டையில் இறங்குபவர் மேசைக்கு ஒருவர் இருப்பார். கதையை நடத்தும் கீப்பர் கண்டிப்பாக இருந்தால்தான் தப்பிக்கலாம்.

2019-இல் வந்த, பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு லெவல் பக்கம் இன்னும் ஒரு படி போகிறது. அடியோ தற்காப்போ, பயிற்சி பெற்ற எதிலும் லெவல் எண்ணையே கூட்டச் சொல்கிறது. பத்தாம் லெவலில் கனத்த கவசம் போட்டு நிற்பவரைச் சாதாரணக் காப்ளின் தொட வேண்டுமானால் இருபதுமுகப் பகடையில் 20 விழ வேண்டும். டி அண்ட் டியில் அந்தக் கூடுதல் எண் இருபது லெவலில் 2-இலிருந்து 6-க்குத்தான் ஏறும். அதனால் அங்கே காப்ளின் கும்பலுக்குக் கடைசிவரை கொஞ்சம் மரியாதை மிச்சமிருக்கும். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, எது வேண்டும்? புது ஆட்களோடு உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு டி அண்ட் டிதான். ஐந்தாம் லெவல் ருசி கண்டவர் மறுவாரமும் வந்துவிடுவார். பழகிய கூட்டத்தோடு என்றால் என் ஓட்டு சதவீதத்துக்கே. போன மாதம் எங்கள் கதுல்ஹு ஆட்டத்தில் பேராசிரியராக ஆடுபவர் 78-இல் நின்ற நூலகத் திறனுக்காகப் பகடை உருட்டினார். 79 விழுந்தது. மேசையே கத்தியது. பத்துமுகப் பகடையில் வந்தது 1.