பத்மினிக்கு ஷீட் ஒட்டிய கதை: தரை பிரமாதம், கதவு சொதப்பல்

அப்பா விட்டுப்போன 1986 பத்மினி கார். சேலம் போய்விட்டு தர்மபுரி திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் ஆக்சிலேட்டர் மிதிக்கிற கால் வெந்துவிடும். பின்சீட்டில் அம்மா பேசுவது எதுவும் முன்னால் கேட்காது. சத்தத்தையும் சூட்டையும் குறைக்கத் தகட்டில் ஷீட் ஒட்டச் சொல்லி கிருஷ்ணகிரியில் ஒரு குஷன் பட்டறையில் விட்டேன். மூணு நாள், கார்ப்பெட்டோடு சேர்த்து 17,500 ரூபாய்.

முதலில் பாராட்டு. பழைய கார்ப்பெட்டைக் கிழித்ததும் அடியில் இருந்த சணல் மெத்தை ஈரமாகவே இருந்தது. டிரைவர் பக்கம் தகட்டில் நாலணா அளவு ஓட்டை. மேஸ்திரி அதன்மேல் ஷீட்டை ஒட்டி மறைத்திருக்கலாம், செய்யவில்லை. டிங்கரைக் கூப்பிட்டு ஒட்டு வைத்து, ரெட் ஆக்சைடு அடித்துக் காயவிட்டு, அப்புறம்தான் 2 மி.மீ. பியூட்டைல் (ஒரு வகை ரப்பர்) ஷீட்டை எடுத்தார். தார் ஷீட் பாதி விலைதான், ஆனால் மே மாத வெயிலில் இளகி நாறும் என்று அவரே வேண்டாம் என்றார். ரோலர் போட்டு அழுத்திவிட்டு தகட்டை விரலால் தட்டச் சொன்னார். முன்பு 'டங்' என்றது, இப்போது 'டொப்'. தகடு அதிராமல் இருக்க மூணில் ஒரு பங்கு மூடினாலே போதுமாம், முழுக்க ஒட்டுவது காசுக்குக் கேடு என்றார். வியாபாரி வாயில் இப்படி வருவது அபூர்வம்.

சூடு குறைந்ததற்கு ஷீட் மட்டும் காரணமில்லை. இன்ஜினுக்கும் நமக்கும் நடுவே உள்ள தகட்டில் வயர் நுழைகிற ஓட்டைகளில் ரப்பர் எல்லாம் வெடித்துக் கிடந்தது. அனல் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது. புது ரப்பர் மாட்டினார். கால் இப்போது சுடவில்லை. கூரைக்கும் ஒட்டினார், மதியத்தில் கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறது, அவ்வளவுதான்.

இனி வயிற்றெரிச்சல். கதவு வேலையைக் கடைப் பையனிடம் விட்டுவிட்டார். அவன் அடிவிளிம்பு வரை ஒட்டி, மழைத்தண்ணீர் வடிகிற துளைகளையும் சேர்த்து அடைத்துவிட்டான். முதல் மழைக்குப் பிறகு கதவைச் சாத்தினால் உள்ளே 'களக் களக்'. ஸ்க்ரூடிரைவரால் குத்தியதும் அரைச் சொம்பு செந்தண்ணீர் கொட்டியது. போனில் சொன்னால், "அப்படி ஒட்டினாத்தான் சார் சத்தம் வராது" என்கிறார். அதனால்தான் கடைப் பேரை இங்கே போடவில்லை. தரை வேலைக்குக் கேட்டால் தாராளமாகக் கை காட்டுவேன். கதவுக்கு என்றால் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்காருங்கள்.

மற்ற இரைச்சல் அடங்கியதில் பின்னால் டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களைச் சுழற்றுகிற பல்சக்கரப் பெட்டி) முனகுவது இப்போது தெளிவாகக் கேட்கிறது. அம்மா என் டிரைவிங்கைத் திட்டுவதும்தான்.