பழைய காருக்கு வீட்டிலேயே பெயிண்ட்: ரோலரா, ஸ்ப்ரே கேனா, ஸ்ப்ரே கன்னா, பட்டறையா?

மாருதி 800 உற்பத்தி 2014-இல் நின்றது. பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கம் தோட்டத்துக்கும் சந்தைக்கும் இன்னமும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இஞ்சினில் குறை இருக்காது. கூரையும் பானெட்டும் வெயிலில் வெளுத்திருக்கும், கதவுக்கு அடியில் துரு ஏறியிருக்கும். முழு வண்டிக்கும் பெயிண்ட் அடிக்கப் பட்டறையில் கேட்கிற தொகை, வண்டியை விற்றால் கிடைக்கிற தொகையில் பெரும்பங்காக இருக்கும். அதனால் வீட்டிலேயே அடித்துவிடலாமா என்று யோசிப்பது நியாயம்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துரு சுரண்டுவது, பட்டி போட்டுப் பள்ளம் நிரப்புவது, பிரைமர் அடிப்பது, தேய்ப்பது என்று உடம்பு நோகிற வேலை எல்லாமே வீட்டில் செய்யக்கூடியவை. கூலியில் பெரும்பகுதி போவதும் அங்கேதான். கடைசி கோட்டை எதில், எங்கே அடிப்பது என்பதை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை. டிக்கிக்கு உள்பக்கம் மாதிரி மறைவான இடத்தில், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட்டுக்கான தின்னரில் நனைத்த பஞ்சை வைத்துச் சற்றுப் பொறுங்கள். நிறம் கரைந்து பஞ்சில் ஒட்டினால் இப்போது மேலே இருப்பது என்.சி. பெயிண்ட். சுருங்கி எழும்பினால் எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால் கம்பெனியில் சூடேற்றி அடித்த பெயிண்ட், அல்லது 2கே, அதாவது ஹார்டனர் (இறுக்கும் திரவம்) கலந்து அடிக்கிற பெயிண்ட். எனாமல் மேல் என்.சி. அடித்தால் அடியில் இருப்பது சுருங்கிக் கிளம்பிவிடும். பழைய வண்டிகளை முன்பு யார் யார் எதை வைத்துத் தொட்டார்கள் என்று தெரியாது. ஆகவே ஒவ்வொரு கதவிலும் தனித்தனியாகப் பாருங்கள்.

இருப்பதிலேயே செலவு குறைந்தது எனாமலும் ரோலரும். கிரில் கேட்டுக்கு வாங்குகிற அதே சின்தெடிக் எனாமல், டர்பன்டைன், நாலு இஞ்ச் ஃபோம் ரோலர், இவ்வளவுதான் சாமான். எனாமலைப் பால் பதத்துக்கு இளக்கி, மெல்லிய கோட்டாக ஐந்தாறு தடவை போட வேண்டும். கெட்டியாக இரண்டே கோட்டில் முடிக்கப் பார்த்தால் ஒழுகும், ரோலர் தடமும் நிற்கும். கோட்டுக்குக் கோட்டு ஒரு நாள் விடுங்கள். இரண்டு கோட்டுக்கு ஒரு முறை 600 அல்லது 800 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். கடைசி கோட்டு நன்றாக இறுகியபின் 1500, 2000 என்று ஏறி, ரப்பிங் காம்பவுண்ட் போட்டால் பளபளப்பு வரும். ஐந்தடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு ரோலரில் போட்டது என்று தெரியாது.

இதில் எனக்குப் பிடித்தது, காற்றில் பெயிண்ட் பறக்காது என்பது. பக்கத்து வீட்டுத் துணிக்கும் மாட்டுத் தொட்டிக்கும் கெடுதல் இல்லை. சங்கடம், எனாமல் காற்றோடு சேர்ந்து மெதுவாகத்தான் இறுகும். தொட்டால் ஒட்டாத நிலை ஒரு நாளில் வரும், முழுதாகக் கெட்டிப்பட வாரக் கணக்காகும். சில வருஷ வெயிலில் பளபளப்பும் மங்கும். பிறகு இதன்மேல் 2கே அடிக்க ஆசைப்பட்டால், எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு வரச் சொல்வார் பெயிண்டர். மெட்டாலிக் நிறத்துக்கு ரோலர் ஆகவே ஆகாது. உள்ளே இருக்கும் மினுக்குத் துகள் திட்டுத் திட்டாக நிற்கும். வெள்ளை, சிவப்பு, நீலம் மாதிரி சாதா நிறத்துக்கு மட்டும் இந்த வழி.

ஸ்ப்ரே கேனைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒரு கதவு, ஒரு பம்பர், கண்ணாடி மூடி என்றால் நல்லது. முழு வண்டிக்கு மூன்று கோட்டு என்று கணக்குப் போட்டால் சின்னக் காருக்கே 15 கேனைத் தாண்டும், அந்தப் பணத்துக்கு வேறு நல்ல வழி உண்டு. பெட்ரோல் சிந்தினால் பெரும்பாலான கேன் பெயிண்ட் இளகிவிடும் என்பதால் டேங்க் மூடிப் பக்கம் வேண்டாம்.

என்.சி. பெயிண்ட்டும், கம்ப்ரஸர் காற்றில் அடிக்கிற ஸ்ப்ரே கன்னும் பழகின கைக்கு ஏற்றவை. கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும், தூசி விழுந்தாலும் தேய்த்து மறுபடி அடிக்கலாம், ஒழுகினாலும் சரி செய்யலாம். கம்ப்ரஸருக்கு நாம் அலைய வேண்டியதில்லை. கம்ப்ரஸர் செய்கிற எல்ஜி (ELGi) கம்பெனி 1960-இல் தொடங்கியதே கோயமுத்தூரில்தான், பழையது விலைக்கோ வாடகைக்கோ விசாரித்தால் கிடைக்கும். 1 எச்.பி. மெஷின் கூரைக்குப் பத்தாது, பாதியில் காற்று இறங்கிக் கோட்டு சொரசொரப்பாகும், 2 எச்.பி.யாகப் பாருங்கள், காற்றில் வரும் தண்ணீரைப் பிடிக்க ஃபில்டரும் மாட்டுங்கள். கரி வடிகட்டி உள்ள மாஸ்க் கட்டாயம். தின்னர் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். பொறி பறக்கிற போர் மோட்டார் ஸ்டார்ட்டர் இருக்கிற ஷெட்டில் இதைச் செய்யவே கூடாது.

உழைப்பதில் 2கே-வை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஹார்டனரோடு வினைபுரிந்து இறுகுவதால் பெட்ரோலுக்கும் வெயிலுக்கும் தாங்கும். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. கன்னில் அடிக்கும்போது பனி மாதிரி பறக்கும் அதன் துளிகள் மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். ஒரு தடவை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு துளி பட்டாலும் இழுப்பு வரலாம். கர்சீப்பும் துணி மாஸ்க்கும் இதற்கு எதுவும் செய்யாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றுக் குழாய் வரும் மாஸ்க் வேண்டும். குழந்தைகளும் பெரியவர்களும் இருக்கிற வீட்டு வாசலில் 2கே அடிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அதனால் கையில் கொஞ்சம் பணம் இருந்தால் என் ஓட்டு பாதிப் பாதி வழிக்குத்தான்: தேய்ப்பு வரை வீட்டில், 2கே கோட்டு மட்டும் பட்டறையில். இதைப் பெயிண்டரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும். பொள்ளாச்சி ரோட்டில் ஒரு பெயிண்டர் சொன்னது: “ஏனுங்க, நீங்க எந்த பிரைமர் போட்டீங்கன்னு தெரியாம நான் எப்படிங்க கேரண்டி குடுக்கறது?” அவர் கேட்பது சரி. எந்த பிரைமர், எந்தப் பட்டி என்று அவரிடமே கேட்டு வாங்குங்கள். முதல் கதவை முடித்ததும் அவரிடம் காட்டிவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

வினைல் ஸ்டிக்கர் ஒட்டுவதைச் சிலர் சொல்கிறார்கள். அடியில் பெயிண்ட் உரிந்து துரு இருந்தால் அது பிடிக்காது, துருவும் உள்ளேயே வளரும். பழைய வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

எந்த வழிக்கும் பொதுவாக, நம் பக்கத்துக்கென்று சில விஷயங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் வெளியே எதுவும் அடிக்க முடியாது. ஐப்பசி மழையில் ஈரத்தால் என்.சி. வெண்மை பூத்துப் போகும். சித்திரை வெயிலில் தின்னர் தகட்டில் விழுமுன்னே பறந்துவிடும், ஹார்டனர் கலந்த பட்டியும் கையிலேயே இறுகும். மாசி மாதம், பனி விலகியபின் காலை ஒன்பதுக்கு மேல் தோது. பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறிக்கூடம் அருகில் இருந்தால் பஞ்சுத் தூசிக்கு நாலு பக்கமும் ஷீட் கட்டுங்கள்.

தண்ணீரையும் கவனியுங்கள். போர் தண்ணியில் தேய்த்தாலும், கடைசியாகக் கழுவுவது ஆத்துத் தண்ணியாக இருக்கட்டும். உப்பு தகட்டில் தங்கினால் பிறகு ஈரத்தை இழுத்து, பெயிண்ட்டுக்கு அடியில் கொப்புளம் எழும். பட்டி போட்ட இடத்தை பிரைமர் இல்லாமல் இரவில் விடாதீர்கள், அது ஈரம் குடிக்கும். கதவுக்கு அடியிலுள்ள தண்ணீர் வடியும் ஓட்டைகள் பட்டியில் அடைபட்டிருந்தால் குத்தித் திறந்துவிடுங்கள்; துரு அங்கேதான் தொடங்குகிறது.

நிறம் மாற்றுகிற எண்ணம் இருந்தால், பெயிண்ட் வாங்குவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். ஆர்.சி.யில் உள்ள நிறமும் வண்டியின் நிறமும் ஒத்துப்போக வேண்டும். பழைய நிறத்தையே அடிப்பதென்றால் அந்த அலைச்சல் இல்லை, கதவு இடுக்கையும் இஞ்சின் அறையையும் தனியாக அடிக்கிற வேலையும் மிச்சம்.