ஸ்பெயினில் பத்து நாள்: மாட்ரிட்–பார்சிலோனாவா, ஆண்டலூசியாவா?

ஸ்பெயின் என்று வீட்டில் முடிவானதும் அடுத்த சண்டை எந்தெந்த ஊர் என்பதில்தான் வரும். பேக்கேஜ் டூர்க்காரர்களைக் கேட்டால் எட்டு நாளில் மாட்ரிட், டோலெடோ, செவில்லா, கிரனாடா, பார்சிலோனா என்று அத்தனையையும் அடுக்கிவிடுவார்கள். கடைசியில் ஊர்களைவிட நெடுஞ்சாலையைத்தான் அதிகம் பார்த்திருப்போம். கையில் பத்து நாள் என்றால் இரண்டு பாதைகளில் ஒன்றைப் பிடிப்பதே சரி. முதல் பாதை: மாட்ரிட்டில் தங்கி டோலெடோவையும் செகோவியாவையும் பார்த்துவிட்டு, பார்சிலோனாவில் முடிப்பது. இரண்டாவது: மாட்ரிட்டில் இறங்கியதும் தெற்கே திரும்பி, ஆண்டலூசியாவின் கோர்தோபா, செவில்லா, கிரனாடா. நான் இரண்டாவதன் கட்சி. அதற்காக முதலாவதை மட்டம் தட்ட முடியாது.

போக்குவரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் மாட்ரிட்–பார்சிலோனாவை அடிக்க ஆளில்லை. அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ள தூரம். அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம். அரசின் ரென்ஃபேயோடு உய்கோ, இர்யோ என்ற வேறு நிறுவனங்களின் ரயில்களும் போட்டி போடுவதால், முன்கூட்டியே எடுத்தால் டிக்கெட் நல்ல மலிவு. டோலெடோ, செகோவியா இரண்டுமே மாட்ரிட்டிலிருந்து ரயிலில் அரை மணிச் சொச்சம்தான். பெட்டியை ஹோட்டலிலேயே போட்டுவிட்டு, காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். செகோவியாவின் அதிவேக ரயில் நிலையம் மட்டும் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். சாந்து எதுவும் பூசாமல் ரோமானியர்கள் கல்மேல் கல்லாக அடுக்கிய நீர்ப்பாலம் இன்னும் அந்த ஊரின் நடுவில் நிற்கிறது. இருபத்தெட்டு மீட்டர் உயரம்.

ஓவியம் பிடிக்கும் என்றால் இந்தப் பக்கத்துக்கு இன்னும் பலம் கூடும். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் வெலாஸ்கஸ் 1656இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' இருக்கிறது. அதில் ஓவியர் தூரிகையோடு நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்; அரசனும் அரசியும் பின்சுவர்க் கண்ணாடியில் மங்கலாகத் தெரிகிறார்கள். நடந்துபோகும் தூரத்தில் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகம். பிக்காசோவின் 'கெர்னிகா' அங்கேதான் இருக்கிறது, ஏறக்குறைய எட்டு மீட்டர் அகலத்தில், ஒரு துளி வண்ணம்கூட இல்லாமல். செவ்வாய்க்கிழமை ரெய்னா சோஃபியாவுக்கு விடுமுறை. இது தெரியாமல் போய்த் திரும்புகிறவர்கள் ஏராளம். பார்சிலோனாவின் சக்ராடா ஃபமிலியா தேவாலயத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் நேரத்தை மட்டும் சொல்கிறேன். கிழக்குப் பக்கச் சாளரங்களில் நீலமும் பச்சையும், மேற்கில் சிவப்பும் ஆரஞ்சும். மாலை வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து விழும்போது, மரம்போலக் கிளை விரித்த தூண்கள் தணல் நிறத்துக்கு மாறும். டிக்கெட்டை அந்த நேரத்துக்கு எடுங்கள்.

இத்தனை இருந்தும் ஏன் தெற்கு? மாட்ரிட்டிலும் பார்சிலோனாவிலும் ஒவ்வொன்றும் தனித்தனி அதிசயம். தெற்கில் மூன்று ஊர்களும் ஒரே கதையின் மூன்று அத்தியாயங்கள். முஸ்லிம் ஆட்சியில் இருந்த கோர்தோபா கிறிஸ்தவ அரசர்கள் கைக்குப் போனது 1236இல், செவில்லா 1248இல், கிரனாடா 1492 ஜனவரியில். இந்த வரிசையிலேயே போனால் ஒரு ஊரில் பார்த்தது அடுத்த ஊரைப் புரியவைக்கும்.

கோர்தோபாவின் பெரிய பள்ளிவாசலை எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டத் தொடங்கினார்கள். உள்ளே எண்ணூற்றுக்கும் மேற்பட்ட தூண்கள். பல தூண்கள் பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்துவந்தவை என்பதால் நிறமும் தலைப்பகுதியும் தூணுக்குத் தூண் மாறும். உயரம் போதாமல் வளைவுக்கு மேல் இன்னொரு வளைவு எழுப்பி, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டிருக்கிறார்கள். அந்த நிழலுக்குள் நடந்துகொண்டே இருக்கும்போது திடீரென்று கூரை வானத்துக்கு எழும்பும், வெளிச்சம் கொட்டும். பள்ளிவாசலின் நடுவைப் பெயர்த்து 1523இல் கட்டத் தொடங்கிய தேவாலயம் அது. அனுமதி கொடுத்த அரசர் ஐந்தாம் சார்லஸே பிறகு வந்து பார்த்து, எங்கும் இல்லாத ஒன்றைக் கெடுத்துவிட்டீர்களே என்று நொந்துகொண்டதாக ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, அதே சார்லஸ்தான் கிரனாடா சுல்தான்களின் கோட்டை அரண்மனையான அல்ஹம்ப்ராவுக்குள்ளும் ஒரு அரண்மனையைக் கொண்டுபோய்ச் செருகினார்.

செவில்லாவில் கதை நேர்மாறு. ஊர் கிறிஸ்தவர் கைக்கு வந்து நூறு ஆண்டுக்குமேல் ஆன பிறகு, 1364இல் அரசர் முதலாம் பெத்ரோ அல்காஸர் அரண்மனையை முழுக்க முழுக்க இஸ்லாமியப் பாணியில் கட்டுகிறார். கிரனாடாவின் சுல்தான் ஐந்தாம் முகம்மது அவருக்கு நண்பர். வாசலின் மேலே நீலமும் வெள்ளையுமாக ஒரு பட்டை தெரியும். ஏதோ கோலம் என்று நினைத்துக் கடந்துவிடுவோம். அது அரபு எழுத்து. 'இறைவனைத் தவிர வெற்றியாளன் எவனும் இல்லை' என்ற கிரனாடா சுல்தான்களின் முழக்கம், ஒரு கிறிஸ்தவ அரசனின் முகப்பில்! பிறகு அல்ஹம்ப்ராவுக்குப் போனால் அதே வரி சுவர் சுவராக வரும். கிரனாடாவை முதலில் பார்த்துவிட்டு செவில்லாவுக்கு வந்தால் இந்தச் சுவை பாதியாகிவிடும் என்பது என் எண்ணம். ரயில் வசதிக்கு செவில்லா, கோர்தோபா, கிரனாடா என்ற வரிசைதான் நல்லது. இருந்தாலும் செவில்லாவிலிருந்து கிரனாடாவுக்கு மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்துவிடலாம், பெரிய கஷ்டமில்லை.

தெற்கின் பெரிய தலைவலி அல்ஹம்ப்ரா டிக்கெட். பாஸ்போர்ட் விவரத்தோடு பெயர் போட்டுத் தருவார்கள்; உள்ளே சுல்தான்கள் வாழ்ந்த நஸ்ரிய அரண்மனைகளுக்குள் நுழைய நேரம் குறித்திருக்கும், அதைத் தவறவிட்டால் அவ்வளவுதான். சீசனில் பல வாரம் முன்பே தீர்ந்துவிடும். எனவே முதலில் அந்த டிக்கெட், அப்புறம்தான் கிரனாடாவில் ஹோட்டல். கிடைக்கவில்லை என்றால் தேதியை மாற்றுங்கள். அதுவும் முடியாதென்றால் இந்தப் பாதையையே மறுபடி யோசிக்கலாம். அந்த அரண்மனைகளின் சிங்க முற்றத்தைப் பார்க்க முடியாத கிரனாடாவுக்காக அவ்வளவு தூரம் போகச் சொல்ல எனக்கு மனம் வராது.

இன்னொன்று வெயில். ஜூலை, ஆகஸ்டில் செவில்லாவும் கோர்தோபாவும் நாற்பது டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். பள்ளி விடுமுறைக்கு அந்த மாதங்களில்தான் போக முடியும் என்பவர்கள் பேசாமல் பார்சிலோனா பக்கம் போகலாம், கடலாவது இருக்கிறது. ஏப்ரல், மே, அக்டோபர் என்றால் தெற்குதான். ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய வாரம் செவில்லாவில் ஊர்வலங்கள் நடக்கும். அறை வாடகை எகிறிவிடும்.

முழங்கால் வலிக்கும் பெரியவர்கள் கூட வருகிறார்களா? இரண்டு பக்கமும் மேடுதான். டோலெடோவில் மேலே ஏற எஸ்கலேட்டர் வைத்திருக்கிறார்கள். கிரனாடாவின் அல்பைசின் சந்துகளுக்குள் குட்டி பஸ் ஓடுகிறது. செவில்லாவின் ஹிரால்டா கோபுரத்தில் கடைசிச் சில படிகள் தவிர மீதியெல்லாம் சரிவுப் பாதை.

சைவர்களுக்கு மாட்ரிட்டும் பார்சிலோனாவும் சுலபம். மாட்ரிட்டின் லவாப்பியஸ் பகுதியிலும் பார்சிலோனாவின் ரவால் பகுதியிலும் நம் பக்கத்துச் சாப்பாடு கிடைக்கும். தெற்கில் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் செய்வது செவில்லாவின் சிறப்பு, ரொட்டியோடு பிரமாதமாக இருக்கும். கத்தரிக்காயைப் பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றித் தருவதும் உண்டு. ஆனால் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. பன்றித் தொடையையும் (ஹமோன்) டூனா மீனையும் (அத்தூன்) அவர்கள் அந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுண்டு. 'சின் ஹமோன், சின் அத்தூன்' என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்பது மணிக்கு முன் போனால் பல இடங்களில் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள்.

பார்சிலோனாவைப் பார்க்காமல் திரும்ப மனசில்லை என்று வீட்டில் ஒருவர் அடம் பிடித்தால், மாட்ரிட்டில் இறங்கி, பிராடோவுக்கு ஒரு நாள் மட்டும் கொடுத்து, தெற்கே போய்விடுங்கள். கிரனாடாவிலிருந்து பார்சிலோனாவுக்கு விமானம் பிடித்து, ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். டோலெடோவும் செகோவியாவும் விட்டுப்போய்விடும்.