சி நிரல் மக்கர் பண்ணினால் யாரைக் கேட்பது: டர்போ சி, ஜிசிசி, பிரிண்ட்எஃப், ஜிடிபி, சானிடைசர்

"அண்ணே, காலேஜ்ல ஓடுது, வீட்டுலதான் ஓட மாட்டேங்குது." காரைக்குடியில் சாயங்காலம் என்னிடம் சி படிக்க வரும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் அடிக்கடி சொல்வது இது. போன வாரம் தேவகோட்டையிலிருந்து வரும் ஒரு பெண் இதையே சொல்லிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள். பலகாரக் கடைக்கு பில் போடும் சின்ன நிரல். தேன்குழல் எத்தனை பாக்கெட், ஒரு பாக்கெட் என்ன விலை, மொத்தம் எவ்வளவு, அவ்வளவுதான். கல்லூரி ஆய்வகத்தில் டர்போ சி என்ற பழைய கம்பைலரில் (நாம் எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றுவதுதான் கம்பைலர்) ஏதோ ஒரு மொத்தம் வந்திருக்கிறது. எண் தப்பு, ஆனாலும் வந்திருக்கிறது. வீட்டில் லினக்ஸில் ஜிசிசி என்ற கம்பைலரில் போட்டால், எண்ணிக்கையைத் தட்டி என்டர் அடித்த உடனே "செக்மென்டேஷன் ஃபால்ட்" என்று ஒரே வரி, நிரல் செத்துவிட்டது. ஜிசிசி சரியில்லை என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

குற்றம் ஒன்றுதான். தட்டுவதை வாங்கி மாறியில் போடும் ஸ்கேன்எஃப்-இல், மாறியின் பெயருக்கு முன்னால் வர வேண்டிய & குறி விட்டுப்போயிருந்தது. ஸ்கேன்எஃப்-க்கு வேண்டியது மாறி குடியிருக்கும் விலாசம். அவள் கொடுத்தது அந்த மாறிக்குள் ஏற்கனவே கிடந்த குப்பை எண். அந்தக் குப்பையையே விலாசம் என்று நம்பி அது எங்கேயோ போய் எழுதிவிட்டு வருகிறது. பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் என்று நம் பாடத்திட்டத்தில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இது புதுசு. அந்த இரண்டிலும் உள்ளீடு வாங்க யாரும் விலாசம் கேட்டதில்லை. அதனால் அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு கம்பைலர்களில் எது அவளுக்கு நல்லது செய்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: ஓடாமல் நின்ற ஜிசிசி-தான்.

டர்போ சி-யும் ஜிசிசி-யும்

டர்போ சி-யை போர்லாண்ட் நிறுவனம் 1987-இல் டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்காக வெளியிட்டது. ஜிசிசி-யின் முதல் வெளியீடும் அதே 1987-தான், ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதியது. ஒரே வயது இரண்டுக்கும், ஆனால் ஒன்று நின்றுவிட்டது, இன்னொன்று இன்றைக்கும் வளர்ந்துகொண்டிருக்கிறது. டாஸில் ஒரு நிரல் தன் எல்லையைத் தாண்டி எழுதினால் தடுக்க ஆள் கிடையாது, அதனால்தான் தேவகோட்டைப் பெண்ணின் நிரல் ஆய்வகத்தில் "ஓடியது". லினக்ஸும் இன்றைய விண்டோஸும் அடுத்தவர் இடத்தில் கை வைத்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். டர்போ சி-யை 64 பிட் விண்டோஸில் நேராக ஓட்டவும் முடியாது, அது 16 பிட் நிரல் என்பதால் டாஸ்பாக்ஸ் என்ற போர்வைக்குள் வைத்துத்தான் ஓட்டுகிறார்கள்.

இன்னொரு இடத்தையும் பார்த்துவிடுங்கள், ஃபேக்டோரியல். டர்போ சி-யில் இன்ட் என்றால் 16 பிட், 32,767-க்கு மேல் தாங்காது. 7-இன் ஃபேக்டோரியல் 5040 சரியாக வரும், 8 கொடுத்தால் 40320-க்குப் பதில் -25216 என்று வரும். ஜிசிசி-யில் 32 பிட், அதனால் 12 வரை சரி. 13-க்கு வர வேண்டியது 6227020800, பெரும்பாலும் வருவது 1932053504. இதில் மட்டும் டர்போ சி-யே மேல் என்று சொல்லலாம், ஏனென்றால் கழித்தல் குறியைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் திடுக்கிட்டுவிடும், 1932053504-ஐப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. இதற்கு ஜிசிசி-யிடம் மருந்து இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

நியாயமாகச் சொன்னால் டர்போ சி ஒன்றும் ஊமை இல்லை. இஃப்-க்குள் இரண்டு சமக்குறிக்குப் பதில் ஒன்று போட்டால் அதுவும் வார்னிங் காட்டும், பிள்ளைகள் என்டரைத் தட்டி மூடிவிடுகிறார்கள். ஜிசிசி அந்த வார்னிங்கைக்கூடக் காட்டாது, கட்டளையில் ஹைஃபன் டபிள்யூ ஆல் என்பதைச் சேர்க்காவிட்டால். அதைச் சேர்த்துப் போட்டபோது அந்த பில் நிரலில் ஜிசிசி என்ன சொன்னது தெரியுமா? இந்த வரியில், இந்த எழுத்தில், சதவீதக் குறி டி-க்கு இன்ட்-இன் பாயின்டர் வேண்டும், நீங்கள் கொடுத்தது வெறும் இன்ட் என்று, அடியில் சின்ன அலைக்கோடும் போட்டுக் காட்டியது. நான் வாயே திறக்கவில்லை, அவளே திருத்திவிட்டாள். "ஆல்" என்று பெயர் இருந்தாலும் அது எல்லா வார்னிங்கையும் தருவதில்லை, கூடவே டபிள்யூ எக்ஸ்ட்ரா-வும் போடுங்கள். பிழைகள் இருபது வந்தாலும் முதல் பிழையை மட்டும் படித்துத் திருத்திவிட்டு மறுபடி கம்பைல் பண்ணுங்கள். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதற்கே பத்து பிழை வரிசையாக நிற்கும், முதலாவது போனால் மீதியும் போய்விடும்.

2024-இல் வந்த ஜிசிசி 14-லிருந்து இன்னும் கறார். ஹெடர் ஃபைலைச் சேர்க்காமல் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால் முன்பு வார்னிங்கோடு விட்டது, இப்போது பிழை என்றே நிறுத்திவிடுகிறது. சீனியர் கொடுத்த பழைய ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுதும் நிரல்கள் புது லேப்டாப்பில் ஓடாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்கேன்எஃப்-ஆ, எஃப்கெட்ஸ்-ஆ

எண் வாங்க ஸ்கேன்எஃப் போதும். பெயர், ஊர், முகவரி வாங்கும்போதுதான் தகராறு. ஒரு எண்ணை ஸ்கேன்எஃப்-இல் வாங்கிவிட்டு அடுத்து, முழு வரியாக வாங்கும் எஃப்கெட்ஸ்-இல் பெயர் கேட்டால், பெயர் தட்ட இடமே கொடுக்காமல் தாண்டிப் போய்விடும், ஏனென்றால் எண்ணுக்குப் பின்னால் தட்டிய என்டர் இன்னும் வரிசையிலேயே நிற்கிறது, எஃப்கெட்ஸ் அதை வெற்றுப் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. எல்லாவற்றையும் எஃப்கெட்ஸ்-இல் வரியாக வாங்கி, எண் வேண்டிய இடத்தில் எஸ்ஸ்கேன்எஃப்-ஆல் பிரித்துக்கொள்வது என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை மொத்தமாக ஒழிந்துவிடும். கெட்ஸ் என்ற பழைய ஃபங்ஷன் பக்கமே போகாதீர்கள், 2011 தரத்திலேயே அதை சி மொழியிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

இதில் தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் சங்கதி உண்டு. ஊர் பெயருக்கு 20 கேரக்டர் இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள், காரைக்குடி ஐந்தெழுத்துதானே என்று. தமிழ் எழுத்துகளைக் கணினி சேமித்து வைக்கும் யுடிஎஃப்-8 முறையில் அந்தப் பெயர் 30 பைட். கா என்பதே க-வும் கால் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடு, ஒவ்வொன்றும் மூன்று பைட். இப்படிப் பத்துக் குறியீடு. ஸ்ட்ரிங்லென் கேட்டால் 30 என்றுதான் சொல்லும், முடிவுக்கு வரும் சுழியோடு 31 இடம் வேண்டும். அகலம் சொல்லாத ஸ்கேன்எஃப் 20-ஐத் தாண்டி எழுதிக்கொண்டே போகும், உபுண்டுவில் கடைசியில் "ஸ்டாக் ஸ்மாஷிங்" என்று ஒரு அலறல் கேட்கும். எஃப்கெட்ஸ் 19 பைட்டோடு நிறுத்திவிடும், அதனால் திரையில் "காரைக்" வரைக்கும் சரியாக வந்து, அதன்பின் உடைந்த எழுத்துக் கட்டம் ஒன்று நிற்கும்; மிச்சம் அடுத்த உள்ளீட்டுக்குள் போய் விழும். இரண்டில் எஃப்கெட்ஸ்-தான் பத்திரம், ஆனாலும் தமிழுக்கு இடத்தைத் தாராளமாக, 200 என்றே ஒதுக்குங்கள்.

பிரிண்ட்எஃப், ஜிடிபி, சானிடைசர், வால்கிரைண்ட்

பிழை எங்கே என்று தேட எல்லோரும் முதலில் செய்வது நடுநடுவே பிரிண்ட்எஃப் போட்டுப் பார்ப்பது. "இங்கே வந்தேன்", "இதையும் தாண்டினேன்" என்று. நானும் அப்படித்தான் படித்தேன், தப்பே இல்லை. ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது. பிரிண்ட்எஃப் எழுதுவது உடனே திரைக்கு வராது, புது வரிக் குறி வரும்வரை பஃபரில் காத்திருக்கும். புது வரி போடாமல் "இங்கே வந்தேன்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் நிரல் செத்தால், அந்தச் செய்தி வராமலே போய்விடும், நீங்கள் பிழை அதற்கு முன்னால்தான் என்று நினைத்து மேலே மேலே தேடிக்கொண்டிருப்பீர்கள். பள்ளத்தூர்ப் பையன் ஒருவன் இதனால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தான். ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் புது வரிக் குறி போடுங்கள், இல்லையென்றால் எஃப்பிரிண்ட்எஃப்-ஆல், பிழைச் செய்திகளுக்கென்று இருக்கும் எஸ்டிடிஎர்-க்கு எழுதுங்கள், அது காக்க வைக்காது.

நிரலை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் ஜிடிபி-யைப் பார்த்தால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். கற்க வேண்டியது ஆரம்பத்தில் நாலே கட்டளைதான். ஹைஃபன் ஜி போட்டுக் கம்பைல் செய்து, ஜிடிபி-க்குள் ரன் கொடுங்கள். நிரல் விழுந்தால் பிடி (bt, பேக்டிரேஸ் என்பதன் சுருக்கம்) என்று தட்டினால் எந்த ஃபங்ஷனில், எந்த வரியில், யார் கூப்பிட்டு அங்கே வந்தது என்று வரிசையாகக் காட்டும். பிரிண்ட் என்று போட்டு மாறியின் மதிப்பைக் கேட்கலாம், நெக்ஸ்ட் போட்டு வரி வரியாக நடக்கலாம். முடிவே இல்லாமல் சுற்றும் நிரலுக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை: கன்ட்ரோல் சி அழுத்தினால் சுற்றிக்கொண்டிருக்கும் இடத்திலேயே நிற்கும், பாதி நேரம் வொயில்-க்குப் பின்னால் தெரியாமல் விழுந்த அரைப்புள்ளியில்தான் நிற்கும். லிங்க்டு லிஸ்ட் எழுதத் தொடங்கிவிட்டால் ஜிடிபி இல்லாமல் காலம் தள்ள முடியாது.

ஆனால் அரே எல்லை தாண்டுவதற்கு இரண்டும் போதாது. நகரத்தார் கோயில்கள் ஒன்பதின் பெயர்களை ஒரு அரேயில் வைத்து அச்சிடச் சொன்னேன். இளையாத்தங்குடி சுழியாவது இடத்தில், பிள்ளையார்பட்டி எட்டாவது இடத்தில். ஃபார் லூப்பில் "9-க்குக் குறைவு" என்பதற்குப் பதில் "9 வரை" என்று எழுதிவிட்டால் பத்தாவது கோயில் ஒன்றைத் தேடிப் போகும். ஒரு கணினியில் குப்பை வரும், ஒன்றில் நிரல் விழும், ஒன்றில் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். இந்த மூன்றாவதுதான் ஆபத்து. கம்பைல் செய்யும்போது எஃப்சானிடைஸ் என்ற விருப்பத்தில் அட்ரஸ் என்று கொடுங்கள், கூட ஹைஃபன் ஜி-யும்; இதுதான் அட்ரஸ் சானிடைசர். எல்லை தாண்டிய அதே நொடியில் நிரலை நிறுத்தி, எந்த வரி, எந்த அரே என்று பெயரோடு சொல்லிவிடும். ஜிசிசி-யில் இது 4.8 பதிப்பில், 2013-இல் வந்தது, அதனால் பத்து வருடப் பழைய லினக்ஸிலும் இருக்கும். அதே விருப்பத்தில் அன்டிஃபைன்ட் என்று சேர்த்தால் மேலே சொன்ன ஃபேக்டோரியலும் சிக்கும்: 479001600 பெருக்கல் 13 இன்ட்-க்குள் அடங்காது என்று கணக்கோடு சொல்லும்.

நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் என்ற கருவி 2002-லிருந்து இருக்கிறது, மறுபடி கம்பைல்கூடப் பண்ண வேண்டாம், அப்படியே நிரலை அதற்குள் ஓட்டலாம். மாலாக்கில் வாங்கிய நினைவக இடத்தைத் திருப்பித் தரவில்லை என்பதையும், மதிப்பே கொடுக்காத மாறியை இஃப்-இல் சோதித்தீர்கள் என்பதையும் அழகாகச் சொல்லும். இந்த இரண்டாவதை அட்ரஸ் சானிடைசர் பார்ப்பதில்லை. பதிலுக்கு, ஃபங்ஷனுக்குள் அறிவித்த சாதாரண அரேயின் எல்லையை வால்கிரைண்ட் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. வேகத்திலும் சானிடைசர் நிரலை ஏறக்குறைய இரண்டு மடங்கு மெதுவாக்கும், வால்கிரைண்ட் பத்து இருபது மடங்குக்கு மேலேயே போகும். தொடங்குகிறவர்களுக்கு என் ஓட்டு சானிடைசருக்கு, பாயின்டரும் மாலாக்கும் வந்த பிறகு வால்கிரைண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். விண்டோஸில் கோட்பிளாக்ஸோடு வரும் மிங்ஜிடபிள்யூ ஜிசிசி-யில் சானிடைசர் வேலை செய்யாது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் தரும் டபிள்யூஎஸ்எல்-ஐப் போட்டுக்கொண்டால் எல்லாம் கிடைக்கும்.

எந்தக் கருவியும் சொல்லாத பிழை

வட்டிக் கணக்கு இந்த ஊரின் ரத்தத்தில் ஊறியது, அதனால் வகுப்பில் தவறாமல் கொடுப்பேன். அசல் 50000, வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு 12. பையன் எழுதுகிறான்: வட்டி வகுத்தல் 100, பெருக்கல் அசல். எல்லாம் இன்ட். விடை சுழி. வார்னிங் ஒன்றும் இல்லை, சானிடைசர் அமைதி, வால்கிரைண்ட் அமைதி, ஏனென்றால் சி மொழியின் கண்ணில் இது பிழையே இல்லை: 12-ஐ 100-ஆல் முழு எண்ணாக வகுத்தால் சுழிதான், சுழியை எதால் பெருக்கினாலும் சுழி. பெருக்கலை முன்னால் போட்டால் 6000 வரும். ஆனால் டர்போ சி-யில் 50000-மே இன்ட்-க்குள் அடங்காது என்பதையும் மறக்க வேண்டாம். டபுள் என்று மாற்றுவது இன்னும் நல்லது.

இங்கேதான் பிரிண்ட்எஃப் எல்லாக் கருவிகளையும் முந்துகிறது. வகுத்ததைத் தனி மாறியில் போட்டு அச்சிட்டால் சுழி கண்ணில் பட்டுவிடும். அதற்கும் முன்னால் ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் மாறியின் மதிப்பைக் கையால் எழுதிப் பார்க்கச் சொல்கிறேன், பழைய ஐந்தொகைக் கணக்கு மாதிரி வரிக்கு வரி. முணுமுணுப்பார்கள். இரண்டாவது வரியிலேயே பேனா நின்றுவிடும், "அண்ணே, இங்கயே சுழி ஆயிருச்சு" என்பார்கள்.

ஆய்வகத்தில் டர்போ சி-தான், செய்முறைத் தேர்வும் அதில்தான் என்றால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். வீட்டில் ஜிசிசி-யில், வார்னிங்கும் சானிடைசரும் போட்டு, ஒரு வார்னிங்கூட இல்லாமல் எழுதுங்கள். மெயின்-ஐ இன்ட் என்றே அறிவித்து, கடைசியில் ரிட்டர்ன் சுழி கொடுங்கள். மாறிகளை எல்லாம் ஃபங்ஷனின் தலையிலேயே அறிவித்துவிடுங்கள், பழைய சி-யில் நடுவில் அறிவித்தால் ஏற்காது. 32,767-ஐத் தாண்டும் எண்ணுக்கு லாங் போடுங்கள். தேர்வறையில் உட்கார்ந்த பிறகு கோனியோ ஹெடரும், கிளியர்ஸ்கிரீனும், ரிட்டர்ன்-க்கு முன்னால் ஒரு கெட்ச்சும் சேர்த்தால் போதும், அதே நிரல் அங்கேயும் ஓடும். தேவகோட்டைப் பெண் இப்போது அப்படித்தான் எழுதிக்கொண்டு போகிறாள்.