பாண்டியில் பழைய வெள்ளிக்காசு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 18,500 ரூபாய். ஒரே ஒரு காசுக்கு. அதுவும் போலி.

கடையின் பெயரைப் போடவில்லை. பிரெஞ்சுக்காரத் தெருக்கள் பக்கம் சுற்றுலா வருகிறவர்களுக்காகவே நடக்கும் பழம்பொருள் கடை. மரச்சாமான், பித்தளை விளக்கு, ஓடாத கடிகாரம், உள்ளே ஒரு கண்ணாடி அலமாரி நிறையக் காசு.

எனக்குக் கடலூர், மஞ்சக்குப்பம். அப்பாவுக்கு எழுபது நிறைகிறது. அவருடைய தாத்தா வியட்நாமில், சைகோனில் பிரெஞ்சு சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்தவர். அவர் கொண்டுவந்த, அங்கே அன்று புழங்கிய பியாஸ்தர் என்ற வெள்ளிக்காசுகளை எல்லாம் வீட்டில் உருக்கிக் கொலுசும் அரைஞாணுமாக அடித்துவிட்டார்கள். சின்ன வயதில் கடைசிக் காசைக் கையில் வைத்து விளையாடியதை அப்பா இன்றைக்கும் சொல்வார். பூஜையன்று அப்படி ஒன்றை அவர் கையில் கொடுக்க வேண்டும் என்றுதான் போனேன்.

கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். "உட்காருங்க தம்பி, டீ சாப்பிடுறீங்களா" என்று ஆரம்பித்தார். தன் குடும்பமும் சைகோன் போய் வந்த குடும்பம்தான் என்றார். "உங்க பெரியவர் எந்த வருஷம் கப்பல் ஏறினாரு?" என்று கேட்டார். 1907 வாக்கில் என்று சொன்னேன். உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்துச் சிவப்பு வெல்வெட் டப்பாவோடு வந்தார். திறந்தால் 1907! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "இது சிக்காத வருஷம் தம்பி. வெளியில 25,000 சொல்வாங்க. நம்ம ஊர்ப் பிள்ளை, அப்பாவுக்குன்னு கேக்குறீங்க, 18,500 கொடுங்க" என்றார். கம்ப்யூட்டரில் அடித்த ஒரு சான்றிதழும் கொடுத்தார். ஜிபேயில் பணம் போனது. பில் கேட்டதற்கு, "சான்றிதழே பில்லுதான்" என்றார்.

ஊருக்கு வந்து, சங்கிலியில் கோக்க வளையம் வைக்கலாம் என்று எங்கள் ஆசாரியிடம் கொடுத்தேன். அவர் தராசில் வைத்தார். இருபத்திரண்டு கிராம் நானூறு மில்லி. அந்தக் காசிலேயே பிரெஞ்சில் எழுதியிருக்கிறது, தரம் 0.900 (நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி), எடை 27 கிராம் என்று. விளிம்பை உரைகல்லில் உரசினார். மேல்பூச்சு போய் மஞ்சளாகக் கோடு விழுந்தது. பித்தளை.

இன்னும் வயிறு எரிகிற விஷயம், அது சிக்காத வருஷமே இல்லை. இந்த வகைப் பியாஸ்தர் 1885 முதல் 1928 வரை வந்தது. அதில் 1907இல் மட்டும் ஒரு கோடிக்கு மேல் அடித்திருக்கிறார்கள். அசலாகவே இருந்தாலும் அந்த விலை கொள்ளை.

போன் செய்தேன். "பழைய காசு தேஞ்சிருக்கும் தம்பி, எடை குறையத்தான் செய்யும்" என்றார். நாலரை கிராம் தேய்ந்த காசில் எழுத்து ஒவ்வொன்றும் புதிதாக நிற்குமா? அதற்குப் பதில் இல்லை. அப்புறம் போனை எடுக்கவில்லை. நேரில் போனால் கடைப் பையன், "ஓனர் சென்னை போயிருக்காரு" என்கிறான். உள்ளே அவர் குரல் கேட்கிறது. கடைசியில் வெளியே வந்து சொன்னது இது: "எங்க கடையில வாங்கினதுக்கு என்ன அத்தாட்சி? காசை வெளியில மாத்திட்டு வந்திருந்தா?" டீ வாங்கிக் கொடுத்த அதே மனிதர். 18,500 ரூபாயை வாங்கிக்கொண்டு என்னையே திருடன் ஆக்கிவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன்.

நியாயமான விலை பார்ப்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முதலில் எடை. 1896 முதல் 1928 வரை வந்த பியாஸ்தர் என்றால் 27 கிராம், அதில் சுத்த வெள்ளி 24.3 கிராம், அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் அடிவிலை தெரியும். அதற்கு மேல் கேட்பது வருஷத்துக்கும் தேயாத நிலைக்கும்தான், அந்த வருஷம் எத்தனை அடித்தார்கள் என்று போனிலேயே தேடலாம். பிரிட்டிஷ் இந்தியா ரூபாய் 11.66 கிராம், 1940 முதல் 1945 வரை வந்ததில் பாதிதான் வெள்ளி. காந்தம் ஒட்டவில்லை என்றால் வெள்ளி என்று நம்பாதீர்கள், பித்தளையிலும் ஒட்டாது. 1818 என்று போட்ட ராமர் பட்டாபிஷேகக் காசு அதே அலமாரியில் இருந்தது; கிழக்கிந்தியக் கம்பெனி அடித்தது என்று விற்பார்கள், கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே கிடையாது, தொடவே தொடாதீர்கள்.

உங்கள் வீட்டுக் கதையைக் கடைக்காரரிடம் சொல்லாதீர்கள். எடையும் வருஷமும் எழுதிய பில் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.