பின்னங்கால் தடுமாறுற குதிரைக்கு வீட்டுக்கே வந்து பாக்குற டாக்டர் சர்வீஸ் – 5க்கு 4

பொள்ளாச்சி, உடுமலை பக்கம் குதிரை வச்சிருக்கவங்களுக்காக எழுதுறேன். டாக்டர் பேர பொதுவுல போட வேணாம்னு அவரே கேட்டுக்கிட்டார், அதனால போடல. நம்ம குதிரை அந்தியூர் ஆடிச் சந்தையில வாங்குன கத்தியவாரி இனக் குதிரை, நல்ல சுறுசுறுப்பு, ஆனா கொஞ்ச நாளா நடக்கும்போது பின்னங்கால் திடீர்னு மடங்கி தடுமாற ஆரம்பிச்சுது. முதல்ல வந்து பாத்த வேற ஒருத்தர் காலத் தொட்டுக்கூட பாக்காம வலி ஊசி போட்டுட்டு போயிட்டார், ஒரு மாற்றமும் இல்ல.

இவர் வந்ததும் ஊசிய எடுக்கவே இல்லைங்க. முதல்ல நேரா நடக்க விட்டார், அப்புறம் சின்ன வட்டமா சுத்த விட்டார், பின்னாடி தள்ளி நடக்க வச்சார், நடக்குறப்பவே வாலைப் புடிச்சு ஒரு பக்கமா இழுத்துப் பாத்தார். நரம்புல பிரச்சனைன்னா குதிரைக்கு கால் எங்க இருக்குன்னே தெரியாதாம், இழுத்த பக்கமே சாயும், திரும்புறப்ப கால் பின்னிக்கும், வலின்னா அப்படி இல்ல, ஒரு கால மட்டும் பாத்துப் பாத்து வைக்கும்னு சொன்னார். வளர்ற குதிரைல கழுத்தெலும்பு தண்டுவடத்த அழுத்துனாலும் மொதல்ல பின்னங்கால்லதான் தெரியுமாம், அதனால கழுத்தையும் விடாம தடவிப் பாத்தார்.

அடுத்து மாட்டுக் கொட்டாய் பக்கத்துல இருக்கான்னு கேட்டார். இருக்கு. மாட்டு வயித்துக்குள்ள, குடலுக்கு வெளிய, ஒரு புழு எந்தக் கெடுதலும் பண்ணாம இருக்கும், அதோட குஞ்ச கொசு கொண்டு வந்து குதிரைக்கு ஏத்திரும், அது தண்டுவடத்துக்குள்ள வழி தவறிப் போயிட்டா இடுப்புக்குக் கீழ பலமே போயிரும், அதுக்குப் பேரு கும்ரி. ஒரே டெஸ்ட்ல இதுதான்னு சொல்லிட முடியாது, அதனால சீக்கிரம் கவனிக்கணும்னார். பெரிய ஈ கடிச்சு வர்ற சர்ரா காய்ச்சல்லயும் பின்பக்கம் ஆடும், விட்டு விட்டு காய்ச்சல் வரும், வயித்துக்கு அடியில, கால்ல வீக்கம் இருக்கும், அதுக்கு ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினார். அதுல ஒண்ணும் இல்லைன்னு வந்துருச்சு. ஒரு தடவ இல்லைன்னு வந்தா மட்டும் போதாது, காய்ச்சல் அடிச்சா மறுபடி எடுக்கணும்னு அப்பவே சொல்லிட்டார், அந்த நேர்மை எனக்கு ரொம்பப் புடிச்சுது.

கடைசில நம்ம குதிரைக்கு ரெண்டு விஷயம். பின் குளம்போட முன்நுனி நீளமா வளந்து, தரைய உரசி உரசி தேஞ்சிருந்துது. அதோட பின்னங்கால்ல தொடையும் கீழ்க்காலும் சேர்ற மூட்டுல இருக்குற சில்லு அப்பப்ப பூட்டிக்குது, கால் பின்னாடி நீட்டிக்கிட்டு நின்னு, டக்குனு விடுபடும். இளங்குதிரை, லாயத்துலயே நிக்கிற குதிரை, தொடைச் சதை கம்மியா இருக்குற குதிரைக்கு இது சகஜமாம். கூட வந்த லாடக்காரர் நுனியச் சீவி விட்டார், குளம்பு மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கிட்ட வளரும், ஆறேழு வாரத்துக்கு ஒருக்கா சீவணும்னார். ஊசி மருந்து எதுவும் இல்ல, லாயத்துல கட்டிப் போடாம மேட்டுல ஏத்தி எறக்கி நடக்க விடச் சொன்னாங்க. இப்ப நல்லா நடக்குது, தடுமாற்றம் ரொம்பக் கொறஞ்சிருக்கு.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, லாடக்காரர் தேதி கிடைக்க ரொம்பக் காக்க வேண்டியிருக்கு, எக்ஸ்ரே மெஷின் கைல இல்ல, வண்டிச் செலவும் தனி. ஆனா பின்பக்கம் ஆடுது, எந்திரிக்கவே முடியலன்னா இவருக்காகக் காத்திருக்காதீங்க, பக்கத்துல இருக்குற கால்நடை ஆஸ்பத்திரிக்கு உடனே சொல்லிருங்க. இவரக் கூப்பிடுறதா இருந்தா கெட்டித் தரையில ஒண்ணு, மண்ணுல ஒண்ணு, பக்கவாட்டுலருந்தும் பின்னாடியிருந்தும் நடக்குறத வீடியோ எடுத்து முன்னாடியே அனுப்பிருங்க, அத பாத்துட்டுதான் லாடக்காரரையும் கூட்டிட்டு வரணுமான்னு முடிவு பண்றார்.